பின்கோட்டில் நிற்கச் சொன்னார்கள்

அன்புள்ள இனியாவுக்கு,

நான் சுகம். ஆவூரில் நீயும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் குறைந்ததா?

இங்கே தோகா கிளப்பில் சின்ன விஷயம் ஒன்று, கவலைப்படாதே. சர்வீஸ் போட்டதும் வலைக்கு ஓடிப் பந்தை முடிப்பதுதான் என் டென்னிஸ். ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அப்படித்தான் ஆடினார்கள். இப்போது கோர்ட்டின் கடைசியில் இருக்கும் பின்கோட்டிலேயே நின்று பலமாக அடிக்கிறார்கள். என்னோடு ஆடிப் பழக வருபவர்களும் அதையே கேட்கிறார்கள்.

"பெலிக்ஸ், முன்னாடி ஓடாதீங்க, பின்னாடியே நின்னு அடிச்சுக் குடுங்க" என்றார் தஞ்சாவூர்க்கார மேனேஜர். நின்று பார்த்தேன். நேற்று கால் கேட்கவில்லை, ஓடிவிட்டேன். எதிரில் ஆடியவர் கோபித்துக்கொண்டார். இன்று அவருக்குப் பந்து வீச மெஷினை வைத்துவிட்டார்கள். நான் பக்கத்துக் கோர்ட்டில் வலை கட்டிக்கொண்டிருந்தேன்.

விராலிமலைப் பள்ளியில் பி.டி. வாத்தியார் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று விசாரித்து வை. சும்மா தெரிந்துகொள்ளத்தான். எங்களை அறைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது.

உன்
பெலிக்ஸ்