கருங்குழி சாப்பிடும் விதம்

அக்குறணை
12.08.2017

அன்பு மகள் றிஸானாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஒல்லாந்தில் நீ சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உம்மா மௌத்தாகி இன்றைக்கு முப்பத்தெட்டு நாள். அடக்கிய பிறகுதான் உனக்குச் சொன்னேன் என்பதால் நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

உம்மாவின் அலுமாரியில் உன் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது, நீ அங்கே ஆராயும் கருந்துளையைப் பற்றி அவவுக்குப் புரியும்படி எழுதினாயே, அதுதான். வாயுவும் தூசியும் அதற்குள் நேரே விழுவதில்லை, சுற்றிச் சுற்றி ஒன்றோடொன்று உரசிச் சூடேறி வெளிச்சம் விடும், அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் அது அங்கே இருப்பதே தெரியும், வந்ததில் பெரும்பகுதி உள்ளே போகாமல் வெளியே வீசப்படும், அந்த வீச்சில் சுற்றுவட்டாரத்தில் புதிய நட்சத்திரம் உண்டாவதும் நின்றுபோகலாம் என்று எழுதியிருந்தாய். உம்மாவுக்குத் துளை என்ற சொல் கடைசிவரை வாயில் வரவில்லை, குழி என்றுதான் சொன்னா. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஸுலைஹாவிடம், என்ட மகள் பாக்குற குழி சாப்பிடுறத விட சிந்துறதுதான் கூடவாம், அவவும் சின்னதுல அப்படித்தான் சோறு திண்டது என்று சொல்லிச் சிரித்தா. ஸுலைஹா பயந்துபோய், பிள்ளைய அந்தக் குழிக்குக் கிட்ட போக விடாதீங்க என்றா. அதற்கும் உம்மா சிரித்தா.

ஆமாம் மகள், ஆஸ்பத்திரியில்தான். பேராதனையில் இருபத்துமூன்று நாள் இருந்தா. ஒரே நாளில் நெஞ்சுவலி வந்து போய்விட்டா என்று நான் உனக்குச் சொன்னது பொய். நீ ஆய்வை எழுதிக் கொடுத்து முடிக்கும்வரை சொல்லக் கூடாது என்று உம்மா என்னிடம் சத்தியம் வாங்கினா. பழியை அவ தலையில் போட்டுத் தப்ப எனக்கு விருப்பமில்லை, நான் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. உம்மா விடிய சுபஹுக்குப் பிறகு மௌத்தானா, அன்றைக்கே பின்னேரம் அஸருக்கு அடக்கினோம். ஜனாஸாவை அடக்காமல் வைத்திருக்கக் கூடாது என்று பள்ளிவாசலில் சொன்னார்கள் என்று உனக்குச் சொன்னேன். பள்ளிவாசலில் அப்படி யாரும் சொல்லவில்லை. உம்மாவின் கூடப்பிறந்த ஹபீல் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்பவே சொன்னா பிள்ளை நாளைக்கு விடியக்காலைல பிளேன்ல வந்து இறங்கிடுவா மச்சான், முகத்தக் காட்டிட்டு அடக்குவோம் என்று கெஞ்சினார். முடியாது என்றது நான்தான். நீ வந்து, உம்மாவுக்கு எப்ப இருந்து சுகமில்ல வாப்பா என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். மார்க்கத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு என் பொய்யை மறைத்தேன். உம்மாவின் முகத்தை உனக்கு இல்லாமலாக்கினது நான்தான் மகள். அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஆனாலும் முடியவில்லை.

அங்கே குளிர் தொடங்குமுன் நல்ல சப்பாத்து வாங்கிக்கொள். தொழுகையை விடாதே. உம்மாவின் உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள், நீ பார்க்கும்வரை ஒன்றையும் கொடுக்கமாட்டேன். அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்வானாக. என்னை மன்னித்த பிறகுதான் வர வேண்டும் என்றில்லை, கோபத்தோடேயே வா.

உன் வாப்பா
மஹ்மூத்