எசிம் கான் திரும்பி வந்தான்

பழவேற்காடு,
புரட்டாசிக் கடைசி.

ரஞ்சித் அண்ணனுக்கு, தங்கை ஐஸ்வர்யா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

போனில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால் காகிதம். மீஞ்சூர் பெனிட்டாவின் கணவர் நீ வேலை செய்யும் எண்ணெய் வயலுக்குத்தான் வேலைக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

துருக்கிஸ்தான் நகரத்தில் எசிம் கானின் கல்லறை முன்னால் நின்று நீ எடுத்த படம் வந்தது. மார்பில் கை. கீழே ‘நானும் இவனைப் போலத்தான், ஊரில் இல்லாதபோது துரோகம் செய்தார்கள்’ என்று ஒரு வரி. கல்லூரி நூலகத்தில் அவனைத் தேடிப் படித்தேன். ஒரே நாட்டில் இரண்டு கான்கள், அதாவது இரண்டு அரசர்கள். எசிம் போருக்குப் போயிருந்தபோது துர்சுன் அவன் ஊரைத் தாக்கினான். எசிம் திரும்பி வந்து துர்சுனை முடித்தான். பிறகு துர்சுனின் குலத்தையும் வெட்டினான். எனக்கு இருவரும் கசாப்புக்காரர்கள்.

நம் வீட்டிலும் இரண்டு கான்கள். நம்மைப் பெற்ற நைனாவும் அவர் தம்பி சிங்காரம் சித்தப்பாவும். ஊர்த்தலைவர் நாற்காலிக்கு இத்தனை வருடப் போட்டி. அது பிளாஸ்டிக் நாற்காலி, அண்ணா. ஒரு கால் விரிசல். இப்போது அதில் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார், ஆடாமல், மிகக் கவனமாக.

உன்னை யார் தாக்கினார்கள்?

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று அம்மன் கோயில் வாசலில் பாடு பிரித்துச் சீட்டு எடுத்த நாளை நினைத்துப் பார். நைனா தன் பாடு உரிமையை உன் பெயருக்கு மாற்றியிருந்தார். நீ இல்லை. உன்னைப் போனில் அழைத்து, சபைக்கே கேட்கும்படி உரக்க வைத்தார்கள். நைனா சீட்டுக் குடத்தை நோக்கி எழுந்தார். நீ அங்கிருந்து, என் சார்பில் சித்தப்பா மகன் விஜயராகவன் எடுக்கட்டும், நமக்குள் என்ன பகை, என்றாய். பெருந்தன்மை. ஆளுநரை நியமிக்கும் குரல்.

திரௌபதி அத்தை, வோணாண்டா, நைனாவ எடுக்கச் சொல்லுடான்னு கத்தினாள். நான் பாத்துக்கறேன் அத்தேன்னு சொன்னாய்.

சீட்டு எடுத்த கைக்குத்தான் பாடு. இந்தத் தண்ணீரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். விஜயராகவன் குடத்தில் கைவிட்டான். சித்தப்பா, இன்னாம்மா, உங்க அண்ணன் அங்க எண்ணெ வயல்ல வேல செய்றானா, ராஜ்ஜியம் நடத்தறானான்னு என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. துர்சுன் வாசலை உடைத்து நுழைந்தான். நீ கதவைத் திறந்து, பாய் விரித்து, உட்கார் என்றாய்.

நான் எடுக்கிறேன் என்று சபையில் கேட்டுப் பார்த்தேன். பொம்பளைக்கு ஏதும்மா பாடு என்றார்கள். ஆனால் ஒன்று சொன்னார்கள். ஐப்பசியில் வலை கட்டத் தொடங்கும் முன் நீ நேரில் வந்து சபையில் நின்று கேட்டால், பாடு திரும்பி வரும். போனில் கேட்டால் வராது. கட்டிவிட்டால் அது விஜயராகவனுடையது, அவன் பிள்ளைகளுடையது.

நைனாவிடம் கேட்டால், ஒண்ணும் கொறயில்லடா, நீ வேலயப் பாருன்னுதான் உன்னிடம் சொல்வார். நம்பிவிடாதே. விஜயராகவனின் படகில் கூலிக்குப் போகிறார். நேற்று கரையில் அவன், பெரிப்பா, நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனே வந்துடுங்கன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

நைனா அவனிடம் ‘சரிங்க’ என்றார்.

தம்பி மகனிடம். சரிங்க.

பக்கத்தில் நின்றேன். நைனா என்னைப் பார்க்கவில்லை. நான் ஏரியைப் பார்த்தேன்.

கான்களைப் பற்றி இனி எனக்கு எழுதாதே. அங்கே குளிர் தொடங்கிவிட்டதாமே. காதை மூடிக்கொள். அம்மன் உனக்கு விமானம் ஏறுமளவுக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

உன் தங்கை,
ஐஸ்வர்யா