சைராவின் தும்மல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஷூ கம்பெனியில் சைரா தும்மினாள். அடுத்தடுத்து மூன்று. தும்மிவிட்டுச் சிரிக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறதென்று இரண்டு பேரும் ஒரே வாரத்தில், ஒரே டாக்டரிடம்தான் ஆபரேஷன் செய்துகொண்டோம். சிறுநீர்க் குழாய்க்குக் கீழே தாங்கலாக ஒரு வலைத்துண்டு. எட்டு மாதம் ஆகிறது. கசிவு எனக்கும் நின்றது. ஆனால் உட்கார்ந்தால் உள்ளே முள்ளாகக் குத்துகிறது, ரத்தக்கறை வேறு. அவளுக்கு ஒன்றுமே இல்லை.

கழிப்பறைக்குப் பக்கத்துத் தையல் மெஷினையும் அவளேதான் வைத்திருக்கிறாள். இனி எதற்கு அவளுக்கு?

மார்ச் 5

"இன்னா ஹேமா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றாள் சைரா.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். எட்டு மாதமாக இதே பொய். அவளிடம் போய்த் தாழ்ந்து நிற்பதா?

மார்ச் 16

ராத்திரி நெருங்கி வந்தபோது வீட்டுக்காரருக்கும் குத்திவிட்டது. இன்று முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சைரா வீட்டில் இப்படி நடக்குமா?

மார்ச் 24, திங்கள்

வேலூரில் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். வலை சதையை அரித்து வெளியே வந்திருக்கிறதாம்.

"முன்னாடியே ஏம்மா வரல?" பொறாமை என்றா சொல்வது?

"முழுசா எடுத்துடுங்க டாக்டர்."

"சதையோட ஒண்ணாயிட்டுது. வெளிய வந்ததை வெட்டிட்டுத் தைக்கிறேன். மறுபடி கசியலாம்."

புரிந்தது. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். தோலில் பிரித்தாலும் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும். இருபது வருஷமாகத் தோல் தைக்கிறேன், எனக்கா தெரியாது.

ஏப்ரல் 11

வேலூர் ஆஸ்பத்திரியில் வெளியே வந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்தாயிற்று. யார் சொன்னார்களோ, சைரா ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு நல்லா இருக்குதேன்னு வயித்தெரிச்சல்."

வாய் தவறியெல்லாம் இல்லை. சொன்னேன். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 30

இருமினேன். கசிந்தது.

மே 20, செவ்வாய்

மறுபடி வேலைக்கு. என் மெஷினில் சைரா உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைப் பக்கத்து மெஷின் காலியாக இருந்தது. பத்து வருஷமாக யாருக்கும் விட்டுத்தராத இடம்.

"சூப்பர்வைசர் கிட்ட பேசிட்டேன். நூல் கோத்து வெச்சிருக்கேன், போய் உக்காரு. எனக்கு இப்ப அது எதுக்கு?"

சுருக்கென்றது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.

அப்போது பார்த்துத் தும்மினாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். நனைந்தது.

எழுந்து போனேன். நாலே அடி.