பின்வாயிலிலிருந்து கைமாறி வந்த கைபேசிகள்

திரு ஓங்குக, வழிகள் விளங்குக. ஏழு துறைமுகங்களுக்கும் எண்ணிறந்த வேகத்தடைகளுக்கும் அதிபதியாகிய மாமன்னர் வழுதிமாறவேள் அரியணை வீற்றிருந்தருளும் நாளில், போக்குவரத்து அமைச்சர் அதியன் கீரனார், முத்தலைப்பேரூர்ச் சிறைக்கோட்டத் தலைவர் வயவன் சேந்தனார்க்கு விடுத்த ஓலை. தங்கள் கோட்டமும் கொத்தளமும் உள்ளே அடைபட்டோரும் நலமாக இருப்பாராக.

நகரப் பேருந்துகளில் காசுக்கு மாற்றாகக் கைபேசி காட்டிக் கட்டணம் செலுத்தும் முறையை மன்னர் அருளியது தாங்கள் அறிந்ததே. நடத்துநரின் கருவியருகே கைபேசியைக் காட்டிய நொடியில் கட்டணம் கருவூலம் சேரும் என்று வல்லுநர் அவையில் உரைத்தனர். காலி வண்டியில் நடந்த வெள்ளோட்டம் அவ்வாறே முடிந்தமையால் அவை கைதட்டிக் கலைந்தது. நம் நகரில் காலி வண்டியை எவரும் கண்டதில்லை என்பதை அங்கு ஒருவரும் எடுத்துரைக்கவில்லை, அமைச்சரும் உரைக்கவில்லை.

பின்வாயிலில் ஏறுவோர் காசை அருகில் நிற்பவர் கையில் கொடுப்பதும், அது கைமாறி நடத்துநரை அடைவதும், சீட்டும் மீதியும் அவ்வழியே திரும்புவதும் நம் மக்கள் வழக்கம். ஆணை நடப்புக்கு வந்த காலையில், சந்தை வண்டியில், அவ்வழக்கம் மாறாது கைபேசியையே கொடுத்தனுப்பினர். திறந்து அனுப்பியவை நடத்துநர் பொறையனை அடைவதற்குள் தாமே பூட்டிக்கொண்டன. அவர் திறந்து தரும்படி பின்னே அனுப்பினார். மீண்டும் பூட்டியே வந்தன. இதற்கிடையே நிறுத்தங்கள் வந்தன. கூட்ட நெரிசல் கைபேசிக்கு உரியவர்களைத் தள்ளி இறக்கிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியாயிற்று. பொறையனின் தோள்பை கைபேசிகளால் நிறைந்திருந்தது. பையைக் கண்ட காவலர் அவரைத் திருடர் என்று பிடித்துத் தங்களிடம் ஒப்படைத்தனர். திருட்டுக்குத் தண்டனை நாடுகடத்தல் என்பதையும், நாளைக் காலை கப்பல் புறப்படுகிறது என்பதையும் அமைச்சர் அறிவார்.

பையைப் பொறுப்பேற்க எவரும் முன்வராமையால் அது பொறையனுடனேயே சிறையில் வைக்கப்பட்டது. கைபேசி ஒலிக்குந்தோறும் எடுத்து அவர் கூறியதைத் தங்கள் காவலர் எழுதி அனுப்பினர். அது கூறியபடியே இங்குத் தரப்படுகிறது: "பயப்படாதீங்கம்மா, உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காரு. போன்தான் எங்கிட்ட இருக்கு. வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. நான் எங்கயும் போக மாட்டேன்." இதைப் படித்த அமைச்சர் வெட்கினார். இப்படியொருவரைக் கப்பலேற்றினால் நாட்டில் மிஞ்சுவது யார் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஆகவே ஆணையாவது: ஓலை கண்டவுடன் பொறையனை விடுவிக்க. பையை அவரிடமே தருக. எது எவருடையது என்பதை அழைத்தவர்களிடம் கேட்டறிந்தவர் அவர் ஒருவரே. இனிக் கைபேசிகள் உடையவர் கையிலேயே இருக்க. நடத்துநரின் கருவி கூட்டத்தினூடே கைமாறிச் சென்று திரும்புக. நம் மக்கள் அதையும் பழுதின்றித் திருப்பித் தருவர்.

மன்னர் இசைவுடன் சக்கர முத்திரை பொறிக்கப்பட்டது. இத்துணை அவசரச் செய்தியை அழைத்துக் கூறாமல் ஓலையில் விடுத்தது ஏன் எனத் தாங்கள் வினவலாம். அமைச்சரும் அன்று அச்சந்தை வண்டியின் பின்வாயிலில்தான் ஏறினார்.