வாளில் படிந்த மூடுபனி

ஓசாஃபுனே,
ஐந்தாம் மாதம், மழை தொடங்கிய அன்று

அன்புள்ள ஓசயோவுக்கு மாமா குரோபெய் ஆசீர்வதித்து எழுதுவது.

எவரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், கேள். உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த வாள் நிஜமாகவே எங்கள் ஓசாஃபுனே கொல்லர்கள் அடித்ததுதானா என்று கேட்டிருக்கிறாய். இதென்ன கேள்வி? அதை அடித்தவன் தேவதாரு மரத்தின் உயரம். பழுக்கக் காய்ந்த வாளை முக்கத் தொட்டித் தண்ணீர் போதாமல் யோஷீ ஆற்றிலேயே முக்கினான். ஆறு கொதித்துக் கீழூர்க்காரர்கள் மாதக்கணக்கில் வெந்த மீனாகவே தின்றார்கள். எழுந்த ஆவி வாளுக்குள்ளேயே தங்கிவிட்டது. எங்கள் ஊர் வாளின் அடையாளமே அதுதான். வெட்டும் விளிம்போரம் கிராம்பு மொட்டுகளை அடுக்கினாற்போல வெள்ளைக் கோடு, அதற்கு மேலே மூடுபனி மாதிரி ஒரு நிழல். போய்ப் பார்த்துக்கொள்.

உன் மாமா
குரோபெய்


ஹிமேஜி,
ஐந்தாம் மாதம், பௌர்ணமி

அன்புள்ள மாமாவுக்கு,

வெந்த மீன் கதைக்கு என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. இவரைப் போன்ற கோட்டைக் காவலர்களின் வாள்களை எல்லாம் பரிசோதிக்கப் போகிறார்களாம். உங்கள் பேச்சை நம்பி, இவர் நம் வாளை ஓசாஃபுனே வாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். பொய் என்று ஆனால் வேலை போய்விடும்.

கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தோம். யாரோ அடிப்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள், அங்கே பொறித்திருக்க வேண்டிய கொல்லன் பெயர் இல்லை. மொட்டுகள் தெரிகின்றன, ஆனால் அதை வேறு ஊர்க்காரர்களும் பார்த்துச் செய்வார்களாம். பனியைத்தான் காணோம். "உங்க மாமா சொன்னதுல எதை வச்சுக்கிறது, எதைத் தள்ளுறது?" என்கிறார் இவர். எனக்கும் குழப்பமாக இருக்கிறது. ஆமாவா இல்லையா, ஒரே சொல்லில் எழுதுங்கள்.

ஓசயோ


ஓசாஃபுனே,
ஆறாம் மாதத் தொடக்கம்

அன்புள்ள ஓசயோவுக்கு,

ஒரே சொல்லில் எழுதும் வித்தை எனக்குப் பழக்கமில்லை. முன்பு அந்த வாளைச் செருகிக்கொண்டு நம் முப்பாட்டனார் திரும்பினால் பக்கத்து ஊர் வேலி சாயும். ஊரே காலில் விழுந்ததால் வெட்டிச் சிறிதாக்கினார். பெயர் இருந்த துண்டை ஒரு நீர்நாய் விழுங்கிவிட்டது. பனி? பனி என்றா எழுதினேன்? வெயில் காலத்தில் அது மலைக்குப் போய்விடும்.

முடிவு தெரிந்த உடனே எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம், வேறொன்றுமில்லை.

குரோபெய்


ஹிமேஜி,
ஆறாம் மாதம், தேய்பிறை

மாமாவுக்கு,

பரிசோதனை முடிந்தது. வந்த பெரியவர் வாளைக் காகிதக் கதவோரம் கொண்டுபோய், வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம். அப்புறம், "இங்க வந்து பாருப்பா, பனி எறங்கியிருக்கு" என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். ஓசாஃபுனே வாளேதான் என்று சொல்லிவிட்டார். நாங்கள் பிழைத்தோம்.

ஆனால் எனக்கு முன்பைவிடக் குழப்பம். எல்லாம் தெரிந்துகொண்டே எங்களை வைத்து விளையாடினீர்களா? ஒன்றுமே தெரியாமல் உளறினீர்களா? உங்களுக்கு இனி எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் பதிலில் இருக்கிறது.

ஓசயோ


ஓசாஃபுனே,
ஏழாம் மாதம்

என் ஓசயோவுக்கு,

ஒன்றும் தெரியாதம்மா. சந்தையில் பழைய சாமான் விற்றவன் "இந்தப் பக்கத்து வாள்தாங்க" என்றான். ஓசாஃபுனே என்று பெயர் வைத்தது நான். வெறுங்கையோடு வந்த பெண் என்று உன்னை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பார்த்தேன். கொல்லனும் இல்லை, நீர்நாயும் இல்லை. முப்பாட்டனார் என்னைவிடக் குள்ளம்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். நீ புறப்பட்ட காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாளை உருவித் துடைத்தேன். அதில் பனி தெரிந்தது; அதையே அடையாளம் என்று உனக்கு அளந்துவிட்டேன். வாசலில் உன் பல்லக்கு நின்றுகொண்டிருந்தது. என் கண்தான் கலங்கியிருக்கிறது என்று நினைத்து உறையில் போட்டுவிட்டேன்.

மாமா