மூன்றாவது கதிரை

உப்புவெளி
11.05.2025

அன்புள்ள மெல்ரோய்,

நான் சுகம். உங்கள் குளிர் எப்படி? போனில் கேட்டால் ‘பார்ப்பம்’ என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இமெயிலில் எழுதுகிறேன். நீங்களும் எழுத்தில் பதில் தாருங்கள்.

பேணாட் அண்ணரின் இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. முதல் வயலின் வாசிக்கும் அவர் இல்லாமல் எங்கள் குழு இல்லை. ஓகஸ்ட் 16, சனிக்கிழமை, துறைமுகப் பக்கத்துத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் கடைசிக் கச்சேரி.

இரண்டு வருடம் என்று மெல்போர்ன் போனீர்கள். எட்டு வருடமாக மூன்று பேர் நால்வர் குழு என்ற பெயரில் வாசிக்கிறோம். நாம் எப்போதும் வாசிக்கும் அந்த ஜெர்மன் இசையமைப்பாளரின் மெதுவான பகுதியில் உங்கள் வயோலா தனியே பாடும் இடத்தை நான்தான் செல்லோவில் வாசிக்கிறேன். இந்த ஒரு முறை நீங்கள் வந்து வாசிக்க வேண்டும்.

“தம்பி வந்தால் சுருதி சேர்க்கவே பின்னேரமாகும்” என்று அண்ணர் பகிடி விட்டார். பிறகு “வருவானோ பிள்ளை?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

இப்போதும் உங்கள் மனைவி,
றஜிதா

மெல்போர்ன்
25.05.2025

அன்பின் றஜிதா,

உமது கடிதம் கண்டேன். வேலை கூட, அதுதான் சுணக்கம். வருகிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வயோலாவை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அண்ணருக்குச் சொல்லும், சுருதி சேர்த்துக்கொண்டே வருகிறேன் என்று.

அறையில் மின்விசிறி வேலை செய்கிறதா?

அன்புடன்,
மெல்ரோய்

உப்புவெளி
13.07.2025

அன்புள்ள மெல்ரோய்,

மின்விசிறி திருத்தியாயிற்று. அலுமாரியில் உங்கள் பக்கத்தையும் காலியாக்கிவிட்டேன்.

கச்சான் காற்று மண்டபத்துக்குள் புகுந்து இசைக்குறிப்புத் தாள்களைப் பறக்கடிக்கிறது. துணி காயப்போடும் கிளிப்புகளால் பிடித்து வைத்து ஒத்திகை பார்க்கிறோம். இரண்டாவது வயலின் றோஸ் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நீங்கள் அமரும் கதிரையைப் போட்டிருக்கிறோம்.

நீங்கள் வருவதில் ஒரு சிரமமும் உண்டு. அந்த இடத்தில் என் கை தானாகவே உங்கள் பகுதிக்குப் போய்விடுகிறது. “றஜி, அது அவரின்ரை. விடு” என்று றோஸ் அக்கா ஒவ்வொரு முறையும் வில்லால் என் முழங்காலில் தட்டுகிறா. இப்போதுதான் நிறுத்தப் பழகியிருக்கிறேன். வில்லைத் தூக்கிக்கொண்டு, நீங்கள் வாசிப்பதை மனதுக்குள் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.

எந்த நாள் வந்து இறங்குவீர்கள்? போனில் இரண்டு முறை கேட்டும் நீங்கள் சொல்லவில்லை.

உங்கள்,
றஜிதா

மெல்போர்ன்
13.08.2025

அன்பின் றஜிதா,

லீவு சரிவரவில்லை. எழுதக் கை வராமல் இத்தனை நாள் விட்டுவிட்டேன். அண்ணரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும். நீர் முன்னம் போல என் பகுதியையும் சேர்த்து வாசித்துவிடும். உமக்குப் பழக்கம்தானே.

மார்கழியில் பார்ப்பம்.

மெல்ரோய்

உப்புவெளி
20.08.2025

மெல்ரோய்க்கு,

கச்சேரி முடிந்தது. மண்டபம் நிறைந்த சனம். அண்ணர் விரல்களை வெந்நீரில் வைத்துவிட்டு வந்து, எங்களைவிட நன்றாக வாசித்தார்.

நீங்கள் சொன்னபடி உங்கள் இடத்தையும் நானே வாசிப்பது என்று முடிவு செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் சரியாகத்தான் வந்தது. கச்சேரியில் அந்த இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. வில்லைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். அண்ணர் என்னைப் பார்த்தார். வெளியே ஒரு படகின் இயந்திரச் சத்தம் கேட்டது. பிறகு றோஸ் அக்கா அடுத்த வரியை எடுத்தா, நாங்கள் சேர்ந்துகொண்டோம்.

சனத்துக்குத் தெரியவில்லை. “அந்த அமைதி நல்லாயிருந்தது” என்று ஒருவர் வந்து சொன்னார். அண்ணர் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, “கடைசியா ஒருக்காவாவது முழுசா வாசிப்பம் எண்டிருந்தனான். பரவாயில்லை பிள்ளை” என்றார். அவருக்கு இனி இன்னொரு கச்சேரி இல்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கதிரையை அன்றைக்கே மற்றக் கதிரைகளோடு அடுக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அலுமாரியில் உங்கள் பக்கத்திலும் என் உடுப்புகளைக் கொழுவினேன்.

நேற்றுப் பின்னேரம் தனியே இருந்து அந்தப் பகுதியை வாசித்தேன், உங்கள் இடத்தையும் சேர்த்து. எங்கும் நிற்கவில்லை.

மார்கழிக்கு வர வேண்டாம்.

றஜிதா