மொட்டைமாடியில் பச்சைக் கொடி

பம்மல்,
அக்டோபர் 12

என் அருமை மகள் ஜெனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் அம்மா நலம், முழங்காலைத் தவிர. உன் நலத்தைப் போனிலேயே கேட்கலாம். ஆனால் நான் "அப்பா" என்று வாயெடுத்தாலே உனக்கு எங்கிருந்தோ டியூட்டி வந்துவிடுகிறது. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாதல்லவா? அதனால்தான் மாங்காய் ஊறுகாய்ப் பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. மேகம் மட்டும் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மத்தியானமெல்லாம் வெயிலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் ஒரு மயக்கம். விமானங்கள் எப்போதும்போல நம் தண்ணீர்த் தொட்டியை உரசுகிற மாதிரி இறங்குகின்றன.

அவற்றைப் பார்த்து உன் அப்பா பண்ணின கூத்து உனக்கு முழுசாகத் தெரியாது. நீ நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போன மறுவாரமே, என் பச்சைச் சுங்குடிப் புடவையை வெட்டிக் கொடி தைத்துக்கொண்டார். மின்ரயிலில் கார்டாக இருந்து ரிடையர் ஆன கை சும்மா இருக்குமா? எந்த விமானம் வந்தாலும் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் கொடி காட்டி, "ஜெனி, சாப்ட்டுப் போடி!" என்று கத்துவார். பக்கத்து வீட்டு டயர் கடை பாட்சா பொறுக்கமாட்டாமல், "சார், அது டெல்லி ஃபிளைட்டு. அவங்களுக்கு வழி காட்ட ஏர்போர்ட்ல டவர் கீது, நீங்க இன்னாத்துக்கு?" என்று கேட்டார். "டவருக்கு ஜெனியைத் தெரியுமா பாட்சா?" என்றார் இவர். நான் திட்டாத நாளில்லை. எவ்வளவு நல்ல புடவை அது!

அவர் கார்டாக இருந்தபோது மட்டும் என்னவாம்? கார்டு ரெண்டு மணி அடித்தால்தான் வண்டி நகரும். பல்லாவரத்தில் பூக்கூடையோடு படியிறங்கி ஓடிவரும் சரோஜினிக்காக மணியில் கையை வைத்துக்கொண்டே நிற்பார். ஏன் லேட் என்று மேலிடத்தில் கேட்டால், "கொடி காத்துல சுத்திக்கிச்சு சார், பிரிச்சேன்" என்பாராம். அதற்கு அவர்கள் விளக்கம் கேட்டுக் கொடுத்த மெமோ தாளில் எனக்கு முறுக்கு மடித்துக்கொண்டு வருவார். பள்ளிக்கூடம் விட்டு நீ ஓடிவந்து பிளாட்பாரத்தில் டாட்டா காட்டின பிறகுதானே அவர் வண்டி கிளம்பும்?

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் சரோஜினியைப் பார்த்தேன். மல்லிகைப் பந்தைக் கையில் திணித்துவிட்டு, "இப்பவும் கார்டுங்க கீறாங்கம்மா, ஆனா எவனும் படிக்கட்ட பாக்க மாட்டேன்றான்" என்று அழுதாள். நானும் நடுச்சந்தையில் நின்று அழுதேன். பழைய மிக்ஸி விற்கிறவர் எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

டிசம்பர் வந்தால் அப்பா போய் ஒரு வருடம். கல்லறைக்குக் கல் வைக்க ஆயர் தேதி கேட்கிறார். நீயோ, "வரவேண்டிய நேரத்துல வரல, இனிமே வந்து என்னம்மா?" என்கிறாய். அடி பைத்தியமே! புயலில் விமான நிலையத்தை மூடினது நீயா? கரண்ட் போய் ஐஸ் பெட்டி ஓடாமல் நாங்கள்தான் அவசரமாக அடக்கம் பண்ணினோம். துபாயில் மாட்டிக்கொண்டு, போனில் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனாய். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அப்பாவை நினைத்துக்கூட இவ்வளவு எரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து படுத்தேன். கண் மூடினதா இல்லையா, தெரியவில்லை. பல்லாவரம் ஸ்டேஷன். பிளாட்பாரம் முழுக்க மேகம் இறங்கிக் கிடக்கிறது. கடைசிப் பெட்டி வாசலில் அப்பா, நான் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். வண்டி நிறைய ஆட்கள், யாருக்கும் அவசரமில்லை. கொடி சுருட்டினபடியே கையில் இருக்கிறது. "இன்னும் கிளம்பலையா? வருஷம் ஆகப்போகுதே" என்று கேட்டேன். படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "இரு சீலி. புள்ள டாட்டா காட்ட ஓடி வர்றா" என்றார்.

அதற்குள் தலைக்கு மேல் விமானம் வந்து எழுப்பிவிட்டது. எழுந்தவள், பீரோவிலிருந்து கொடியை எடுத்துக்கொண்டு மாடியேறிவிட்டேன். நானேதான், இந்த முழங்காலோடு! பாட்சா கீழேயிருந்து பார்த்தார். கேலி பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஆட்டுங்கக்கா, இது துபாய் ஃபிளைட்டுதான்" என்றார்.

ஜெனி, ஆயரிடம் நான் இன்னும் தேதி சொல்லவில்லை. நீ சொல். காலையில் இறங்குகிற விமானத்தில் வலதுபக்க சன்னல் சீட்டாகக் கேட்டு வாங்கு. பம்மல் வந்ததும் குனிந்து பார், பச்சையாக ஒன்று ஆடும். அவர் மாதிரி எனக்கு ஆட்ட வராது, சிரிக்காதே. நீ டாட்டா காட்டாமல் அவர் வண்டி என்றைக்காவது கிளம்பியிருக்கிறதா? ஓடி வா, கண்ணு.

கர்த்தர் உன் வழியெல்லாம் கூட வரட்டும்.

உனக்காக மாடியேறும்,
அம்மா ஜெயசீலி தனசிங்